மேனேஜருக்கு ஒரு பாஸ்போர்ட் படம்

என் கடையில் எடுத்த பாஸ்போர்ட் படம் இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நிழல் விழுந்திருக்கிறது, காது தெரியவில்லை, கண் பாதி மூடியிருக்கிறது என்று மற்ற கடைப் படங்களை எல்லாம் அதிகாரிகள் திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திரும்பியவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் என் கடை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அன்று மத்தியானம் என் நாத்தனார் கடைக்குள் நுழைந்து, நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, "அண்ணி, ஒரு பாஸ்போர்ட் படம் எடுங்க" என்றாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. முப்பது வயது தாண்டியாகிவிட்டது, தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள், எந்நேரமும் முழங்கால் வரை சேறு. ஆனாலும் என் கணவருக்குத் தங்கை இன்னும் பாப்பாதான். அவருக்கு அப்படி என்பதால் எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "நேரா பாரு. சிரிக்காத. கண்ண மூடாத."

சிரிக்காதே என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. படத்தை எடுத்துவிட்டு கேமராவைக் கீழே வைத்தேன்.

"எந்த ஊருக்குடி கிளம்புற, எங்ககிட்ட சொல்லாம?"

"குட்டைய மூடப் போறாங்க அண்ணி."

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. பல வருஷ மழைத்தண்ணீர் தேங்கி அது பெரிய குட்டையாகிவிட்டது. அதில் ஒருவகை நீர்த்தவளை இருக்கிறது. பிறப்பது, வளர்வது, குட்டி போடுவது, இல்லை, முட்டையிடுவது (இப்படிச் சொன்னதற்கே பாப்பா ஒருமுறை என்னை முறைத்திருக்கிறாள்) எல்லாம் தண்ணீருக்குள்ளேயே. மூன்று வருஷமாக அவள் வேலையே அந்தக் குட்டைதான். அது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். தெரிந்துவிட்டால் வலையோடு வந்து பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்களாம். சொன்னால் பாப்பா என் தோலை உரித்துவிடுவாள்.

அந்த இடத்தை மண் போட்டு நிரப்பி பஸ் டிப்போ கட்டப் போகிறார்கள். பாப்பா ஆட்சேபம் சொல்லியிருந்தாள். அதை விசாரிக்கும் குழு, "தவளை மழைக்கு வரும், வெயிலுக்குப் போகும். ஒரே தவளை வருஷக்கணக்கில் அங்கேயே வாழ்கிறது என்று காட்டினால் யோசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டது.

"காட்டேன். உனக்கு என்ன கஷ்டம்?"

"ஒவ்வொன்னுக்கும் வயித்துல புள்ளி வேற வேற அண்ணி. நம்ம கைரேகை மாதிரி. முதல் வருஷம் என்கூட வேலை பார்த்தவ எடுத்த வயித்துப் படமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. அவ வெளிநாடு போயிட்டா. அதுக்கப்புறம் நான் எடுத்தது…"

போனை நீட்டினாள். வரிசையாகப் பார்த்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று வந்தது தொழில் கோபம்.

"இது தவளையா, ஊறப்போட்ட துணியா? இதப் போட்டோன்னு வெளிய சொல்லாத, என் மானம் போயிடும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை விசாரணை. குட்டை போய்விட்டால் அந்தத் தோழி இருக்கும் நாட்டுக்கே போய்விடுவாளாம். வேலை தயாராக இருக்கிறதாம். "அது இல்லாம நான் இங்க இருந்து என்ன அண்ணி பண்ண?" என்று கேட்டாள்.

நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் பேச்சுக்கு உடனே சிரிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். என் கணவர் தங்கமான மனிதர், ஆனால் இன்று சொன்னதற்கு நாளை சிரிப்பார். பாப்பா போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது, யாரோடு சமாதானமாவது? அவளுடைய படத்தை அச்செடுத்து ஒரு கவரில் போட்டேன். அவள் கையில் கொடுக்காமல் மேஜை டிராயரில் வைத்து மூடினேன்.

"படத்த நான் எடுக்குறேன். உன்னோடது இல்ல, உன் தவளையோடது. எத்தன பேர் வர்றாங்க, வரச் சொல்லு."

மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். நான் பெரிய விளக்கு, இரண்டு குடை, பிளாஷ் எல்லாம் அடுக்கினேன். பாப்பா ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தாள். பளீரென்று வெளிச்சம் அடித்தால் தவளை மிரளும், பிளாஷே கூடாது என்றாள். கடைசியில் கேமராவும் இரண்டு வெள்ளை தெர்மாகோல் அட்டைகளும் மட்டும் மிஞ்சின. கேமராவில் இடத்தைப் பதிவு செய்யும் வசதியையும் அவளே அணைத்தாள். கல்யாண வீட்டுக்குத் தாலியில்லாமல் போகிற மாதிரி எனக்குக் கையே வெறுமையாக இருந்தது.

குவாரியில் கொசு மொய்த்தது. நான் முன்யோசனைக்காரி. முழங்கை வரை கொசு மருந்துக் களிம்பைத் தடவிக்கொண்டு கம்பீரமாக இறங்கினேன். பாப்பா மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணி, கை கழுவிடுங்க."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அதுக்குள்ள கை கழுவச் சொல்றியே?"

பல நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு விளக்கம் சொன்னாள். தவளை தோலால் தண்ணீர் குடிக்கும், தோலால் மூச்சும் விடும். நம் கையில் இருக்கிற களிம்பு, வாசனை, உப்பு எல்லாம் நேராக அதன் உடம்புக்குள் போய்விடும். அதனால் குட்டைக்குத் தள்ளி நின்று, கேனில் கொண்டுவந்த தண்ணீரில், சோப்பு வாசனையே இல்லாமல் போகும்வரை கழுவ வேண்டும். அதற்கு மேல் மாவு பூசாத கையுறை, அதையும் குட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தவளைக்கு ஒரு ஜோடி, அடுத்ததற்கு வேறு. பூட்ஸைத் தேய்த்து, வாளியில் கலந்த மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, பிறகுதான் கரைக்குப் போகலாம். தவளைகளுக்கு ஒரு தோல் நோய் இருக்கிறதாம், பூஞ்சை. ஒரு குளத்துச் சேற்றோடு அடுத்த குளத்துக்குப் போய் அங்கே கூண்டோடு கைலாசம் அனுப்பிவிடுமாம். என் கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு கழுவிக்கொண்டதில்லை.

பாப்பா இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். ஓரத்தில் இரண்டடி ஆழம், அடுத்த அடி வைத்தால் கிணறு. தனியாக யாரும் இறங்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

"நான் வழுக்கினா கயித்த இழுங்க அண்ணி. கேமராவப் பார்த்துகிட்டு நிக்காதீங்க."

"கேமராவுக்கு தவணை கட்டி முடிச்சாச்சு. உன்னத்தான் முதல்ல இழுப்பேன்."

முதல் தவளையை முடிச்சில்லாத மெல்லிய வலையில் ஏந்திக்கொண்டு வந்தாள். குட்டைத் தண்ணீரே ஊற்றிய சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை நழுவ விட்டாள். பாறை நிழலில் வைத்தோம். நான் மேலிருந்து பார்த்தேன், முதுகுதான் தெரிந்தது. பக்கத்திலிருந்து பார்த்தேன், பக்கம்தான் தெரிந்தது. வயிறு வேண்டும். மல்லாக்கப் போட்டுப் பிடிக்கலாமே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"உங்கள மல்லாக்கப் போட்டு நாலு பேர் அமுக்கினா எப்படி இருக்கும்?"

கேள்வி நியாயமானது. யோசித்தேன். பாஸ்போர்ட் தொழிலில் பெரிய மண்டையிடி கைக்குழந்தைதான். உட்காராது, தலை நிற்காது, பிடித்திருக்கும் அம்மாவின் கையும் படத்தில் தெரியக் கூடாது. அதற்கு ஒரே வழி, குழந்தையை வெள்ளைத் துணியில் கிடத்திவிட்டு மேலே நின்று எடுப்பது. குழந்தை தன் பாட்டுக்குக் கிடக்கும், நாம்தான் இடம் மாற வேண்டும். இங்கேயும் அதேதான், தலைகீழாக.

காரிலிருந்து இரண்டு மடக்கு ஸ்டூல்களை எடுத்துவந்து இடைவெளி விட்டு வைத்தேன். கண்ணாடிப் பெட்டியைப் பாலம் மாதிரி இரண்டின் மேலும் வைக்கச் சொல்லி, தார்ப்பாயை விரித்து நான் அடியில் மல்லாந்து படுத்தேன். இரண்டு பக்கமும் தெர்மாகோலைச் சாய்த்ததும் வானத்து வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறி, தவளையின் வயிற்றில் பால் மாதிரி விழுந்தது. கால்களைப் பரப்பிக்கொண்டு அது மிதந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

முதல் படத்தில் தவளைக்குப் பதிலாக என் வெள்ளைச் சட்டையும் திறந்த வாயும் கண்ணாடியில் தெரிந்தன. காரில் கிடந்த கறுப்புப் போர்வை ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டுத் தலையோடு மூடிக்கொண்டேன். பாப்பா சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடித் தண்ணீர் என் மூக்கில் சொட்டியது. அடுத்த படத்தில் ஒவ்வொரு புள்ளியும் எண்ணுகிற மாதிரி விழுந்தது.

அப்படி ஒவ்வொன்றாக வந்தன. எடுத்த கையோடு ஒவ்வொன்றையும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டாள். கடைசியாக வந்தது மேனேஜர். துருப்பிடித்த தகரம் ஒன்று குட்டையில் பாதி மூழ்கிக் கிடக்கிறது. அதன் பக்கத்தில், யார் வந்தாலும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருக்கும். அதனால் பாப்பா வைத்த பெயர் அது. அதன் வயிற்றில் புள்ளிகள் சேர்ந்து கேள்விக்குறி போல வளைந்திருந்தன. பக்கத்தில் தனியாக ஒரு புள்ளி.

பாப்பா கேமராத் திரையையும் போனில் இருந்த முதல் வருஷப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதேதான் அண்ணி. மேனேஜர் இங்கயேதான் இருந்திருக்கார்."

மற்றவை எல்லாம் புது முகங்கள். பழைய படங்களில் இருந்ததில் மறுபடி அகப்பட்டது மேனேஜர் ஒன்றுதான். ஒன்று போதும் என்றாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் வாய் ஓயவில்லை. அந்தப் பூஞ்சை நோயைப் பற்றி, அது வந்தால் தவளைத் தோல் என்னவாகும் என்பதைப் பற்றி எல்லாம் விலாவாரியாகச் சொன்னாள். என் கணவர் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கடையில் வேலைப் பங்கீடு இப்படி: படம் எடுப்பது நான், டச்சப் செய்வது அவர். பரு, தழும்பு, தூக்கம் கெட்ட கண்ணின் கருவளையம் எல்லாம் அவர் கைபட்டால் மாயமாகிவிடும். பாஸ்போர்ட் படத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது, அது வேறு ஃபோல்டர். நான் தவளைப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'பாப்பா' என்று பெயர் வைத்து, வழக்கம்போல உடனே கார்டைக் காலி செய்தேன். மறுநாள் முழுவதும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடையாள அட்டைப் படம் எடுத்ததில் அதே கார்டு பிள்ளைகளின் முகங்களால் நிரம்பி வழிந்தது.

வியாழக்கிழமை காலை அச்செடுக்க பாப்பா வந்தாள். படத்தைத் திறந்தேன். மேனேஜரின் வயிறு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. அடுத்ததைத் திறந்தேன். அதுவும் அப்படியே. எல்லாத் தவளையும் சோப்பு விளம்பரத்துக்கு வந்த மாதிரி பளபளத்தன.

"என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர் ஒருவர் நின்று பார்த்தார்.

என் கணவர் பெருமையோடு வந்தார். "பார்த்தியா? நேத்து முழுக்க உக்காந்து எடுத்தேன். பாவம், எல்லாத்துக்கும் வயிறெல்லாம் கறுப்புக் கறுப்பா இருந்துச்சு. பாப்பா அன்னைக்கு ஒரு வியாதி சொன்னாளே… வியாதி பிடிச்ச தவளைன்னு சொல்லி குட்டைய மூடிட்டாங்கன்னா? அதான் சுத்தமா…"

எங்கள் முகத்தைப் பார்த்ததும் மீதி வார்த்தை அவர் வாயிலேயே நின்றுவிட்டது. பழைய படத்தின் மேலேயே சேமித்திருந்தார். மூலம் எங்கும் இல்லை. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. புள்ளி வைத்தவனுக்குத் தெரியாதா எங்கே வைக்க வேண்டும் என்று, உங்களை யார் கேட்டார்கள், உங்கள் மூஞ்சியில் இருக்கிற மச்சத்தை எடுத்துவிட்டு உங்களை வீட்டுக்குள் விடாமல் நிறுத்துகிறேன் பாருங்கள் என்று என்னென்னவோ கத்தினேன். அந்த மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பாப்பா கத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அண்ணன திட்டாதீங்க" என்றாள் மெதுவாக. "மத்தியானம் விசாரணை. இனி ஒன்னும் பண்ண முடியாது. கை கழுவிடலாம் அண்ணி. அந்தக் கவரக் குடுங்க."

டிராயரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன்.

"கழுவலாம். அங்க போய்க் கழுவலாம். சோப்ப எடு."

"அண்ணி…"

"அன்னைக்கு எடுத்தோமா இல்லையா? குட்டை அங்கயேதான் இருக்கு, நான் இங்கயேதான் இருக்கேன். மேனேஜர் லீவு போடுற ஆள் மாதிரி எனக்குத் தெரியல. என் கடைப் படம் திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது, இன்னைக்கும் வராது. என்னங்க, வண்டிய எடுங்க!"

அவர் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

வானம் மூடியிருந்தது. எனக்கு அது வரம், அதைவிட மென்மையான வெளிச்சம் எந்த ஸ்டுடியோவிலும் கிடையாது. கயிற்றின் முனையை இந்தமுறை கணவரிடம் கொடுத்தேன். இந்த ஒரு வேலையிலாவது எதையும் அழிக்காமல் இருங்கள் என்றேன். அதற்குள் பாப்பா வலையை எடுத்துக்கொண்டு நேராகத் தண்ணீரை நோக்கி நடந்துவிட்டாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"பூட்ஸ்."

"நேரமில்ல அண்ணி. இன்னைக்கு ஒருநாள்தானே."

"நேத்து சாயங்காலம் வேற குளத்துக்குப் போனேன்னு சொன்னியா இல்லையா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரைக் காப்பாற்ற வந்தோமோ அவர்கள் தலையிலேயே கல்லைப் போடப் பார்த்தோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாளிப் பக்கம் திரும்பினாள். தேய்த்தோம், ஊறவைத்தோம், அலசினோம். அந்த மருந்துக்குச் சொன்ன நேரம் வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கை கழுவினோம். கேன் தண்ணீர் தீரும்வரை கழுவினேன்.

தகரத்துப் பக்கம் மேனேஜர் இல்லை. வேறு இரண்டு வந்தன, எடுத்தேன், விட்டோம். இரண்டும் புதியவை. பாப்பா கரையோரமாகத் தேடிக்கொண்டே போனாள். அவள் தோள் துவளத் தொடங்கியதைப் பெட்டிக்கு அடியில் படுத்தபடியே பார்த்தேன்.

அப்போது என் கணவர் மெதுவாகக் கூப்பிட்டார். "பாப்பா. அந்தப் பாசிக்குப் பக்கத்துல ஒன்னு, என்னை மாதிரியே திருதிருன்னு முழிச்சுகிட்டு இருக்கு. அதுவா பாரு."

அதுதான். தகரத்திலிருந்து ஒரு எட்டு தள்ளி, கண்ணை மட்டும் தண்ணீருக்கு வெளியே வைத்துக்கொண்டு மேனேஜர் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா புதுக் கையுறை மாட்டி, நனைத்து, வலையை அதன் அடியில் ஆடாமல் அசையாமல் கொண்டுபோனாள்.

பெட்டிக்குள் வந்ததும் இந்தமுறை அது மிதக்கவில்லை. மூலைக்கு மூலை உதைத்தது. நான் போர்வைக்குள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஒரு கணம் கால் பரப்பி நின்றது. கேமராப் பொத்தானை அமுக்கினேன். உடனே உதைத்தது. மறுபடி அமுக்கினேன், வெறும் குமிழி.

"போதும் அண்ணி. மூச்சு வேகமா விடுது. விட்டாகணும்."

இன்னும் ஒன்றே ஒன்று என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முதல் படம் சரியாக விழுந்ததா என்று எனக்கே உறுதியில்லை. இதை விட்டால் இன்னொரு முறை கிடைக்காது. ஆனால் கடையில் குழந்தை விறைத்து அழ ஆரம்பித்தால் நான் கேமராவைக் கீழே வைத்துவிடுவேன், வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி. அழத் தெரியாத குழந்தைக்கு மட்டும் வேறு சட்டமா?

"விட்டுடு" என்றேன். "பாஸ்போர்ட்டுக்கு ஒரு படம் போதும்."

பாசிக்குப் பக்கத்தில் அதே இடத்தில் பெட்டியைச் சாய்த்தாள். மேனேஜர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். நான் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து படத்தைப் பெரிதாக்கினேன். கேள்விக்குறி. பக்கத்தில் தனியாக ஒரு புள்ளி. எல்லாம் ஊசி முனையாக விழுந்திருந்தது.

விசாரணை அறையில் நீளமான மேஜை. ஒரு பக்கம் குழுத் தலைவர், டிப்போ இஞ்சினியர், கண்ணாடி போட்ட வயதான அம்மா ஒருவர். அந்த அம்மாதான் விலங்கியல் நிபுணர். என் முதுகில் இன்னும் ஈரம் காயவில்லை, பாப்பாவின் தலையில் ஒரு பாசி இழை ஒட்டியிருந்தது.

"நேரா பாரு" என்று உள்ளே நுழையும்போது அவள் காதில் சொன்னேன். "கண்ண மூடாத. இன்னைக்கு மட்டும் சிரிச்சுக்கலாம்."

வரும் வழியில் கடையில் நின்று எடுத்து வந்த அச்சை, முதல் வருஷப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு பேசினாள். தடுமாறவே இல்லை. எப்படிப் பிடித்தோம், எப்படித் தொடாமல் எடுத்தோம், எங்கே திரும்ப விட்டோம் என்று அவள் சொல்லச் சொல்ல, இவளையா நான் பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தோன்றியது. நிபுணர் அம்மா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"படத்துல ஏதாவது திருத்தம் செஞ்சிருக்கீங்களா?"

பின்னால் என் கணவருக்கு இருமல் வந்துவிட்டது.

நான் எழுந்தேன். "நான்தான் எடுத்தேன். யார் கையும் படல. கார்டு கேமராவுக்குள்ளயே இருக்கு, நீங்களே பாருங்க" என்று கேமராவை அப்படியே மேஜையில் வைத்தேன். வழக்கத்துக்கு மாறாக அன்று கார்டைக் காலி செய்யவில்லை. அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கலங்கிய குமிழிப் படத்தைக்கூட விடவில்லை.

"அதே தவளைதான்" என்றார். "சந்தேகமே இல்ல."

இஞ்சினியர் நெளிந்தார். "ஒரே ஒரு தவளைக்காக டிப்போவ…"

"ஒன்னு இத்தன வருஷம் தங்கியிருக்குன்னா, தங்குறதுக்கு அங்க எல்லாம் இருக்குன்னு அர்த்தம்" என்றார் அந்த அம்மா. "இது வந்து போற இடம் இல்ல, வீடு."

தலைவர் வரைபடத்தை இஞ்சினியர் பக்கம் தள்ளினார். "குட்டைய விட்டுட்டு வேற மாதிரி வரைஞ்சு கொண்டு வாங்க."

வெளியே வந்து படியில் உட்கார்ந்ததும் பாப்பா என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கோபத்தைத் தவிர வேறு எதற்கும் நான் கண்கலங்குகிற ஆள் இல்லை என்று ஊருக்குள் பேச்சு, அந்தப் பேச்சு அன்றோடு போயிற்று. என் கணவர் எங்கள் இருவர் தலைக்கும் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை தொடங்கியிருந்ததே எங்களுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கடையைத் திறந்தோம். நான் டிராயரின் பூட்டைத் திறந்து அந்தக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"உன்னோடது. கேட்டியே."

அவள் பிரித்துப் பார்த்தாள். சிவந்த கண்ணோடு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிற தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கவரில் போட்டு டிராயருக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"இருக்கட்டும் அண்ணி. இப்போ வேணாம்."

மேனேஜரின் படத்தைக் கடை முகப்பில், மாதிரிப் படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறேன். எந்த இடம் என்று யார் கேட்டாலும் சொல்வதில்லை. இது யார், எந்த நாட்டுக்குப் போகிறார் என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள். இத்தனை வருஷமாக நான் எடுத்த படங்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போகிறவர்களுக்காக எடுத்தவை. இது ஒன்றுதான், இருக்கிறவர்கள் இங்கேயே இருப்பதற்காக எடுத்தது.